ஒரு ஜோடித் தோடு வரைக்கும்

1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைக்குப் போகவில்லை. பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் அது. அந்த 127 என்ற எண்ணைச் சொன்னால் இன்றைக்கும் பழைய சங்கத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் அப்போது மங்கலத்தில் நாலாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த வேலைநிறுத்தம் சனிக்கிழமைகளில்தான் நடந்தது.

திருப்பூரில் வாரச் சம்பளம். சனிக்கிழமை ராத்திரி அப்பா வரும்போது சைக்கிள் ஹேண்டில்பாரில் மஞ்சப்பை தொங்கும். அதற்குள் எண்ணெய் கசிந்த காகிதத்தில் காராச்சேவு, சில வாரம் ஜிலேபி. பொட்டலத்தைப் பிரிக்கிற வரைக்கும் நானும் தம்பியும் தூங்க மாட்டோம். வேலைநிறுத்தம் தொடங்கியபின் சனிக்கிழமை வெறும் கிழமையாகிவிட்டது. தம்பிக்கு மூணு வயசு. வாரக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனாலும் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பையைத் தடவிப் பார்ப்பான். பையே இருக்காது.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங். மங்கலத்திலிருந்து திருப்பூருக்குப் பத்து கிலோமீட்டருக்குள்தான். விடிந்தும் விடியாமலும் கிளம்பி, ஆண்டிபாளையம் குளத்துக் கரையைத் தாண்டி, கருவம்பாளையம் வழியாக மிதித்துக்கொண்டு போவார். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நாங்கள் பாதித் தூக்கத்தில் இருப்போம். வலது கை பெருவிரலின் பக்கவாட்டில், கத்திரி அழுத்தி அழுத்தி, புளியங்கொட்டை அளவுக்குத் தோல் காய்த்திருக்கும். அதை நகத்தால் தட்டினால் அவருக்கு உணர்ச்சியே இருக்காது. எனக்கு அது பெரிய அதிசயம். வேலைநிறுத்தத்தின் இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, அந்தக் காய்ப்பு உரிந்து உள்ளே இளஞ்சிவப்பாய்த் தோல் தெரிந்தது. தட்டியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

முதல் சில நாள் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பகலில் அப்பாவைப் பார்ப்பதே எங்களுக்குப் புதுசு. சைக்கிளைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார், கூரை ஓடு மாற்றினார், எங்களை நொய்யலுக்குக் கூட்டிப் போனார். பிறகு வாயிற்கூட்டம், ஊர்வலம் என்று தினமும் திருப்பூருக்குப் போக ஆரம்பித்தார். தொண்டை கட்டிக்கொண்டு திரும்புவார். தயிர் நின்றது. பிறகு எண்ணெய்ப் பலகாரம் நின்றது. பிறகு மத்தியானச் சமையலே நின்றது. எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். அந்த வருசம் முழுக்க நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவில்லை. காய்ச்சல் அடித்த அன்றைக்கும் அம்மா தட்டைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

திருப்பூருக்குப் பனியன் என்றால் மங்கலத்துக்குத் தறி. எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு தறிக் குடோனின் தடதட சத்தம் கேட்கும். கரண்ட் போனால்தான் ஊரில் குருவி கத்துவதே காதில் விழும். அம்மா பக்கத்துத் தெருக் குடோனுக்குத் தார் சுற்றப் போனாள். அதுவரைக்கும் அவள் கூலிக்குப் போனதில்லை. தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். வரிசையாய்க் குச்சிகள் சுழன்றுகொண்டிருக்கும்; எதில் நூல் அறுந்தாலும் ஓடிப்போய் நிறுத்தி, இரண்டு முனையையும் விரலிடுக்கில் பிடித்து, முடிச்சுப் போட்டு, மறுபடி விட வேண்டும். முடிச்சுப் பெரிதாய் இருந்தால் தறி ஓட்டுகிறவர் திட்டுவார். அம்மா சீக்கிரத்திலேயே ஒற்றைக் கையால் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தொட்டு விலகுவது மட்டும்தான் தெரியும், முடிச்சு விழுந்திருக்கும். சாயங்காலம் வரும்போது புருவம் வரைக்கும் பஞ்சு வெள்ளை. இருமிக்கொண்டே அடுப்பு மூட்டுவாள்.

மளிகைச் சாமான் பாய் கடையில் கடன். பற்று நோட்டில் பாய் எழுதுவதை நான் எட்டிப் பார்ப்பேன். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கடனுக்கு வருகிறவர்களுக்கு அரிசியைத் தாராளமாகவும் பருப்பைக் கொஞ்சம் பிடித்தும் அளப்பார் என்று அம்மா சொல்வாள். நியாயமான வியாபாரம்தான்.

ஒரு ராத்திரி நடந்த பேச்சு எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. வாசலில் கட்டிலில் படுத்திருந்தேன். அம்மா, "ஏனுங்க, இன்னும் எத்தனை நாளைக்குன்னு ஒங்க சங்கத்துல சொல்றாங்களா?" என்று கேட்டாள். "அதை யாரு சொல்ல முடியும்? ஜெயிக்கிற வரைக்கும்" என்றார் அப்பா. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நீங்க நில்லுங்க. வேண்டாங்கல. நான் தார் சுத்தறேன். என்ற தோட்டை நாளைக்கு வெச்சுக்கலாம். அந்தப் பணம் தீர்ற வரைக்குந்தான். அதுக்கு மேல பாத்திரத்தையும் வைக்க மாட்டேன், எங்கப்பன் வூட்லயும் போய் நிக்க மாட்டேன். அது தீந்துச்சுன்னா, ஜெயிச்சாலும் சரி தோத்தாலும் சரி, நீங்க வேற வேலைக்குப் போயரோணும்." அப்பா "சரி புள்ள" என்றார். அவ்வளவுதான். சண்டையில்லை, அழுகையில்லை. அடுத்த நாள் அம்மாவின் காதில் ஈர்க்குச்சி இருந்தது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மாமா இருந்தார். அப்பாவும் அவரும் ஒரே கம்பெனி. அவர் பேட்லாக் டெய்லர். முதல் ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவர். பாதியிலேயே அவர் சங்கத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டு சோமனூர் பக்கம் ஒரு தறிக் குடோனுக்கு வேலைக்குப் போய்விட்டார். கம்பெனிக்குள் போகவில்லை, வேலைநிறுத்தத்தை உடைக்கவில்லை, விலகிக்கொண்டார். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். கருங்காலி என்று அவர் வீட்டு வாசலில் நின்றே சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிளில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மா மட்டும் உப்புக்கும் புளிக்கும் அங்கேதான் போவாள். அப்பா கண்டித்தபோது, "அந்தப் புள்ள மாசமா இருக்கறா. தோடு ஏற்கெனவே போயிருச்சு. நின்னாப் போதுமா, வயித்துல இருக்கறது என்ன பண்ணும்?" என்றாள்.

போராட்டம் முடிந்தது. பஞ்சப்படி கிடைத்தது. அம்மாவின் தோட்டுப் பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோதே முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம். அப்பா அன்றைக்கு ஊருக்குள் நுழைந்த நடையை நான் மறக்க மாட்டேன். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. முதலாளிகளும் பாடம் படித்துக்கொண்டார்கள். ஒரே கூரைக்கடியில் பின்னி, வெட்டி, தைத்து, பெட்டி போட்ட கம்பெனிகள் துண்டு துண்டாயின. நிட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், எல்லாம் சின்னச் சின்ன யூனிட்டுகள், காண்ட்ராக்ட், பீஸ் ரேட். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற கொட்டகையில் சங்கம் எங்கே வைப்பது? சில ஆண்டுகளில் அப்பாவும் பீஸ் ரேட்டுக்கு வெட்டினார். அந்த உடைசலிலேயே எத்தனையோ தொழிலாளர்கள் முதலாளிகளும் ஆனார்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இதைப் பற்றி 2004-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். நாங்கள் உழைப்பால் உயர்ந்தவர்கள் என்று திருப்பூர் முதலாளிகள் சொல்வதை அவர் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கிறார். உழைப்பு உண்மைதான். முதல் மெஷின் எந்தக் கழுத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் முழு உண்மையாகும்.

127 நாள் நின்றது வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சில ஆண்டுகளுக்கு ஒரு தரம் தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால், அந்த நாற்காலியைப் போட்டதில் அந்த வருசத்துக்கும் பங்கு உண்டு.

நின்று சாதித்தவர்களைக் கும்பிட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் ஜனவரி மாதம் திருப்பூர் குமரன் நாடகம் போடுவோம். 1932 ஜனவரி 10-ஆம் தேதி போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தும் கொடியை விடாத சென்னிமலை நெசவாளி, மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது, வயது 27. எங்கள் வகுப்பில் கொடி பிடித்து விழுவதற்குப் பையன்கள் அடித்துக்கொள்வார்கள். குமரனுக்கு ராமாயி என்று ஒரு மனைவி இருந்தார் என்பது பெரியவளான பிறகு படித்துத்தான் எனக்குத் தெரியும். எங்கள் நாடகத்தில் அந்தப் பாத்திரமே கிடையாது. இளம் வயதில் தாலியறுத்தவர் அதற்குப் பிறகு எப்படிக் காலம் தள்ளினார் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்புச்சியின் கதை வேறு. அம்மாவைப் பெற்றவர். நொய்யலை ஒட்டி அவருக்குத் தோட்டம். நான் சின்னவளாய் இருந்தபோது அந்தக் கிணற்றுத் தண்ணியை அப்படியே கையில் அள்ளிக் குடித்திருக்கிறோம். மஞ்சள், தென்னை, வரப்போரத்தில் கீரை. லீவு விட்டால் அங்கேதான். மத்தியானம் அம்முச்சி அரிசியும்பருப்புஞ்சோறு ஆக்கி நெய் விட்டுத் தருவாள். கிணற்றுமேட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது அப்புச்சி எந்தத் தென்னை எந்த வருசம் வைத்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். மரங்களின் வயசு பிசகாது. பேரன் பேத்திகளின் வயசைத்தான் மாற்றிச் சொல்வார்.

திருப்பூர் வெள்ளைப் பனியனை மட்டும் தைத்த காலத்தில் சலவைப் பட்டறைகள்தான் பெரும்பாலும். ஏற்றுமதி வந்ததும் கலர் வந்தது. சாயம் துணியில் பிடிக்க வேண்டுமென்றால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். சாயம் பெரும்பாலும் துணியோடு போய்விடும், உப்பு தண்ணியோடு போய்விடும். கண்ணுக்குக் கலர்தான் தெரியும். மண்ணைக் கெடுத்தது பெரும்பாலும் அந்த உப்பு. அப்புச்சி தினமும் காலையில் கிணற்றுத் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒரு கோடையில் துப்பினார். அடுத்த கோடையில் மஞ்சள் இலை ஓரமெல்லாம் காந்திப்போனது. தென்னைக் குரும்பை கொட்டியது.

அவர் கிணற்றை ஆழப்படுத்தினார். பிறகு போர் போட்டார். நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு தோட்டத்தை நடந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் கல்லை வைத்தார்கள். போர் வண்டி ராத்திரி பூராவும் உறுமியது. விடியற்காலையில் தண்ணி பீய்ச்சியது. எல்லாரும் கைதட்டினோம். அப்புச்சி நாக்கில் வைத்தார். உப்பு. இன்னொரு மூலையில் இன்னொரு போர். அதற்கு அம்முச்சியின் காசுமாலை. அதற்கடுத்ததற்கு வளையல். ஊரில் அவருக்குப் பெரிய பேர். "மண்ணை வுடாத மனுசன்" என்று கல்யாண வீடுகளில் சொல்வார்கள். அவரும் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாய் இறக்கினார். அம்முச்சி ஒரே ஒரு தடவை, "போதுமுங்க, பாதியக் குடுத்துப்போட்டு மேக்கால எங்கயாச்சும் ரெண்டு ஏக்கரா வாங்கலாமுங்க" என்று சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நகைப் பெட்டியில் எடுக்க எதுவும் இல்லாதபோதுதான் போர் போடுவது நின்றது.

இதே நொய்யலில் கீழே, ஒரத்துப்பாளையத்தில், 1992-ல் ஒரு அணை கட்டினார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. திறந்தால் பயிர் சாகும் என்று விவசாயிகளே திறக்காதே என்று சொல்கிற நிலைமை. அவர்களும் விடாப்பிடிக்காரர்கள்தான். ஆனால் ஆளுக்கொரு போர் போட்டுக்கொண்டிருக்காமல், நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் என்று சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அப்படியும் கழிவு வந்துகொண்டிருந்ததால் 2011 ஜனவரி 28-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அத்தனை சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். திருப்பூரே ஆடிப்போனது, அதற்குப் பிறகுதான் சுத்திகரிப்பு என்பதைத் தொழில்காரர்கள் தலைபோகிற காரியமாக எடுத்துக்கொண்டார்கள். அப்புச்சி இதையெல்லாம் பார்க்க இல்லை. அவருடைய சண்டை மேலே, பட்டறைக்காரர்களோடும் அவர்களைக் கேள்வி கேட்காத அதிகாரிகளோடும் இருந்தது. அவர் கீழே தோண்டிக்கொண்டிருந்தார்.

அம்மா தார் சுற்றுவதை விடவில்லை. தோட்டை மீட்ட பிறகும் போனாள். தொண்ணூறுகளில் ஒரு குடோன்காரர் கழித்துக்கட்டிய நாலு தறியைத் தவணைக்கு வாங்கி, வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டாள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் நூலும் கொடுப்பார். நாங்கள் காடா துணியாக நெய்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவோம். 2006-ல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் இலவசம் என்று வந்தது, 2016-ல் அது 750 ஆனது. அதனால் ஓட்டினோம் என்றே சொல்லலாம். தம்பி வளர்ந்து தறியைப் பார்த்துக்கொண்டான். எந்த நாடாவில் என்ன சத்தம் வந்தால் என்ன கோளாறு என்று தூக்கத்திலேயே சொல்வான்.

2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடு, மற்ற ரகங்களுக்கு 20 விழுக்காடு கூலி உயர்வு என்று முடிவானது. உற்பத்தியாளர்கள் சொன்னபடி கொடுக்கவில்லை. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் நின்றன. மங்கலத்தில் குருவிச் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசில் பழைய ரத்தம் ஏறிவிட்டது. தினமும் கொட்டகைக்கு வந்து, "நிக்கோணும்டா, கடைசி வரைக்கும் நிக்கோணும்" என்பார். அம்மா ஒரு நாள் தம்பி மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "கண்ணு, நீ எத்தனை நாளைக்குத் தாங்குவே? அவனக் கேக்கல, உன்னக் கேக்கறேன்" என்றாள். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், தறிமேல் வாங்கிய கடனுக்கு வட்டி. "மாசி பொறக்கற வரைக்கும் அத்தை" என்றாள். தம்பி அந்தத் தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவைத்தான்.

மாசி பிறந்தது, ஒப்பந்தம் வரவில்லை. நாலு தறியும் பழைய இரும்பு விலைக்குப் போனது. யாரையும் ஏமாற்றித் தறி ஓட்டவில்லை, விற்றான். பிப்ரவரி கடைசியில் போராட்டம் முடிந்தது, நவம்பரில் சொன்னதைவிடக் குறைந்த விழுக்காட்டுக்கு. அப்பா, "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா தறி இருந்திருக்குமல்ல" என்று ஆரம்பித்தார். அம்மா கேட்டாள்: "அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா, இன்ன தேதிக்கு முடியும்னு?" அவர் பதில் சொல்லவில்லை.

தம்பி இப்போது ஒரு ஆட்டோலூம் கம்பெனியில் ஃபிட்டர். மாசச் சம்பளம், கடன் அடைந்துவிட்டது. சோமனூருக்குப் போன அந்த மாமாவைப் பற்றி அப்பாவிடம் போன பொங்கலுக்கும் பேச்செடுத்தேன். அன்றைக்கு அவர் செய்ததையேதான் தம்பியும் செய்தான், நீங்கள் வாசலில் நின்று சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது தப்பு என்பதுதான் என் தீர்ப்பு.